பிரபுவின் இடக் கன்னம்

"பொத்தான் தெறிக்குது, பாருங்கோ! சட்டைப் பொத்தான்!"

ஜெயரத்தினம் கத்திய கத்தலில் மேசையில் கவிழ்த்து வைத்திருந்த பியர்க் கிளாசுகள் கிணுகிணுத்தன. மனிதர் ஆறடிக்கு மேல் உயரம். கோபம் வந்தால் இன்னும் கொஞ்சம் வளர்வார் போலிருந்தது. குறொன்லாண்ட் பகுதியில், மரக்கறிக் கடைக்கும் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கும் நடுவில் அவர் திறக்கப்போகும் 'லண்டன் மூலை'யில் பியரும் ஆட்டிறைச்சி ரோல்ஸும் ஒன்றாகக் கிடைக்கும் என்பது ஒஸ்லோத் தமிழர் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். நேற்று மாலையிலிருந்து அவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஜெயரத்தினத்தின் முகம் ஒரு கேலிப் படத்துக்குள் இருக்கிறது.

"பொத்தான் விழுந்த இடத்தையும் கீறியிருந்தால் நான் எடுத்துத் தந்திருப்பன் ஐயா" என்றார் அல்பிரட்.

துஷ்யா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு 'வாயை மூடுங்கோ அங்கிள்' என்று அர்த்தம். அல்பிரட்டுக்கு அது மனப்பாடம். அவர் மன்னார்க்காரர். இந்த நகரத்தில் டாக்சி ஓட்டி ஓய்ந்து, இப்போது தன் மகள் வயதுள்ள துப்பறிவாளரிடம் உதவியாளராக இருக்கிறார். கார் அவருடையது, மூளை அவளுடையது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். வாய் யாருடையது என்பதில் மட்டும் இன்னும் முடிவு வரவில்லை.

சுவரில் ஆறு படங்கள் தொங்கின. இருநூறு வருடங்களுக்கு முன் லண்டனில் அச்சடித்து விற்ற கேலிப் படங்களைப் பார்த்து, பெரிதாக்கி, எண்ணெய் வர்ணத்தில் கையால் தீட்டிய நகல்கள். ஐந்து படங்களில் ஒரு குறையும் இல்லை. ஆறாவதுதான் வழக்கு.

அதில் ஒரு கொழுத்த பிரபு விருந்து உண்கிறார். கையில் வான்கோழிக் கால். வயிறு முட்டிச் சட்டைப் பொத்தான் பறக்கிறது. சட்டைப்பையிலிருந்த இறைச்சியை நாய் உருவுகிறது. நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் வேலைக்காரன் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுகிறான். பிரபுவுக்குப் பின்னால் சுவர்க் கண்ணாடி ஒன்று. அதில் அவருடைய பின்தலை தெரிகிறது.

பிரபுவுக்கு ஜெயரத்தினத்தின் முகம். அதே மீசை, அதே புருவம், அதே கறுத்த மச்சம்.

"இவதான் கீறினவ. வேற ஆருக்கு இந்தக் கை ஓடும்?" ஜெயரத்தினம் விரலை நீட்டினார்.

விரல் நீண்ட திசையில், துஷ்யாவை உதவிக்கு அழைத்த கரோலினா நின்றாள். நகரத்தின் ஓரத்தில், ஹவுகெட்டோவில் ஒரு பழைய கராஜை ஓவியக்கூடமாக்கி வைத்திருப்பவள். நகங்களுக்குள் நீலம். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் குரல் உடையவில்லை.

"நான் கொண்டு வந்து மாட்டின அண்டைக்கே படம் எடுத்து வைச்சனான். இதைப் பாருங்கோ அக்கா." தன் போனை துஷ்யாவிடம் நீட்டினாள். அதே சுவர், அதே படம். ஆனால் பிரபுவின் முகம் வேறு. மூன்று மடிப்புத் தாடை, முன்னால் வெள்ளைப் பொய்முடி, பின்னால் கண்ணாடியில் பளபளக்கும் மொட்டை மண்டை. "முன்னுக்குப் பாத்தால் ராசா, பின்னுக்குப் பாத்தால் மொட்டை. அதுதான் இந்தப் படத்தின்ர பகிடி. நான் மாட்டிப்போட்டுப் போனாப்பிறகு ஆரோ முகத்தையும் தலையையும் மாத்திக் கீறியிருக்கினம்."

"போனில என்ன படமும் காட்டலாம்" என்றார் ஜெயரத்தினம். "கடைக் கதவின்ர திறப்பு என்னட்டையும் மனுசியிட்டையும்தான் இருக்கு. நேற்று படங்களைக் காட்ட ஊரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால திரைச்சீலையை இழுக்கிறன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கினம். நான் பேர்கன் நகரத்து ஹோட்டல்காரனுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன், இந்தப் பிள்ளையிட்டைப் படம் வாங்காதை எண்டு."

கரோலினாவின் முகம் வெளுத்தது. பேர்கன் ஹோட்டலுக்கு நாற்பது படங்கள் தீட்டுவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை நம்பித்தான் அவள் பாலர் பாடசாலை வேலையை விட்டிருந்தாள். அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

துஷ்யா படத்துக்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் போய் நின்றாள். பிறகு ஜெயரத்தினத்தின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தை. மறுபடி முகத்தை.

"அங்கிள், மச்சத்தைப் பாருங்கோ."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை பிள்ளை. மச்சம் மாமிசம் கதைச்சால் சைவக்காரர் கோவிப்பினம்."

"அங்கிள்!"

அல்பிரட் பார்த்தார். ஜெயரத்தினத்தின் மச்சம் வலக் கன்னத்தில் இருந்தது. பிரபுவின் மச்சம் இடக் கன்னத்தில் இருந்தது.

தெருவுக்கு வந்ததும் அல்பிரட் தன் கண்டுபிடிப்பை எடுத்துவிட்டார். "எனக்கு விளங்கியிட்டுது. இந்தப் படங்களை அந்தக் காலத்தில செப்புத் தகட்டில கீறி அச்சடிச்சவையள். அச்சடிச்சால் இடம் வலம் மாறும். கரோலினா அந்தக் குழப்பத்தில..."

"படத்துக்குக் கீழ இருக்கிற எழுத்து நேராத்தானே இருக்கு? மாறினது முகம் மட்டும்." துஷ்யா போன் கடைச் சன்னல் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். "இஞ்சை வந்து நில்லுங்கோ. வலக் கையைத் தூக்குங்கோ."

அல்பிரட் தூக்கினார். கண்ணாடிக்குள் நின்ற அல்பிரட்டும் ஒரு கையைத் தூக்கினார். அவர் ஒரு தனி மனிதராக இருந்தால் அது அவருக்கு இடக் கை. கடைக்காரன் உள்ளேயிருந்து கை அசைத்தான், யாரோ தனக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து.

"கண்ணாடி முகம்!" என்றார் அல்பிரட்.

"ஓம். நாங்கள் எல்லாரும் அவரை நேரில பாக்கிறம். எங்களுக்கு மச்சம் வலக் கன்னம். அவரைக் கண்ணாடியில பாத்துப் பாத்துப் பழகின ஒருத்தருக்குத்தான் இடக் கன்னம். ஒரு மனுசனைக் கண்ணாடியில நெடுகப் பாக்கிறது ஆர்?"

"அந்த மனுசனேதான்."

"இக்கே சன்ட்? சரிதானே?" உற்சாகம் வந்தால் துஷ்யாவுக்கு நோர்வேஜியமும் சேர்ந்து வரும். "இன்னொண்டும் இருக்கு அங்கிள். கேலி செய்ய வந்தவன் தாடையைக் குறைப்பானோ? அந்தப் பிரபுவுக்கு மூண்டு தாடை. இப்ப ஒண்டு. ஜெயரத்தினம் அங்கிளுக்கே ரெண்டு இருக்கு. இது நக்கல் அடிச்ச கை இல்லை. அவரை வடிவாக் காட்ட ஆசைப்பட்ட கை."

"தன்னை வடிவாக் காட்ட ஆசைப்படுறதும் அந்த மனுசனேதான்" என்றார் அல்பிரட். "நேற்றுச் சனம் அந்தப் படத்தை எல்லா வாட்சப் குழுவிலயும் போட்டுது. திறப்புவிழாவுக்கு மேசை எல்லாம் பதிவாம். செலவில்லாத விளம்பரம். கெட்டிக்காரன்!"

இரண்டு பேரும் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்கள். வழக்கு முடிந்துவிட்டது என்று அல்பிரட் நினைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்றுகூட யோசித்துவிட்டார்.

துஷ்யா சொன்னதை ஜெயரத்தினம் முதலில் நம்பவில்லை. பிறகு புரிந்தபோது கத்தவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நானோ? நானே எனக்குக் கீறினனானோ?" அவர் படத்துக்குப் பக்கத்தில் போனார். பிரபுவுக்குப் பின்னாலிருந்த சுவர்க் கண்ணாடியை விரலால் தட்டினார். "நானே கீறினால் இதைக் கீறுவனோ?"

அல்பிரட் எட்டிப் பார்த்தார். பழைய படத்தில் மொட்டை மண்டை இருந்த இடத்தில் இப்போது அடர்ந்த கறுப்புத் தலைமயிர், ஒவ்வொரு மயிராகத் தீட்டியிருந்தது. ஆனால் உச்சிக்குச் சற்றுக் கீழே, இடப்பக்கமாக, ஒரு பழைய ஐந்து குரோனர் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். அதற்குள் மயிரே இல்லை.

"எனக்கு வழுக்கை எண்டு ஊருக்குப் பொய் சொல்லியிருக்கிறான் ஒருத்தன்! பொத்தானை விடுங்கோ, நாயை விடுங்கோ. இதைத்தான் என்னால தாங்கேலாது. எனக்கு எங்கை வழுக்கை இருக்கு? சிறிதேவி! இஞ்சை வா, சொல்லு!"

சமையலறை வாசலில் ரோல்ஸ் தட்டோடு நின்ற அவர் மனைவி சிறிதேவி கூரையைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். "எண்ணெய் கொதிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே மறைந்தாள்.

துஷ்யா பின்னாலேயே போனாள். அல்பிரட் ரோல்ஸின் பின்னால் போனார்.

"சத்தமாக் கதையாதேங்கோ" என்றாள் சிறிதேவி. அடுப்பில் எண்ணெயும் இல்லை, சட்டியும் இல்லை. "இருக்கு. அப்பிடியே இருக்கு. அதே இடம், அதே அளவு. அவருக்குத் தெரியாது."

"தெரியாதோ? எப்பிடித் தெரியாமல் போகும்?"

"பின்தலையை ஆர் பாக்கிறது? அந்த உயரத்துக்கு ஏறி நிண்டு பாக்கவும் ஆரும் இல்லை. நான் சொன்னால் மனுசன் சாப்பிட மாட்டார். அப்பிடியே விட்டிட்டன்."

அல்பிரட் ஒரு ரோல்ஸை விழுங்கிவிட்டுக் கேட்டார்: "அப்ப தங்கச்சி, படத்தில வட்டத்தை வைச்சது நீங்களோ?"

"எனக்குக் கோலமே ஒழுங்கா வராது அண்ணை."

"இவ இல்லை அங்கிள்" என்றாள் துஷ்யா. "அன்ரிக்கு வழுக்கை தெரியும். ஆனால் அவருக்கு முன்னால இருந்து சாப்பிட்டு, முன்னால நிண்டு சண்டை பிடிக்கிற ஆள். மச்சத்தை வலக் கன்னத்திலதான் கீறுவா. ஜெயரத்தினம் அங்கிளுக்குக் கண்ணாடி முகம் தெரியும், வழுக்கை தெரியாது. அப்ப ரெண்டும் தெரிஞ்ச மூண்டாவது ஆள் ஒருத்தர் இருக்கிறார்."

"டாக்சிக்காரன்!" என்றார் அல்பிரட். "நாங்கள் ஆக்களைக் கண்ணாடியிலதானே பாக்கிறனாங்கள்?"

"பின் சீற்றில இருக்கிறவற்ரை உச்சி உங்களுக்குத் தெரியுமோ?"

அல்பிரட் யோசித்தார். டாக்சிக்காரர் விடுதலையானார்.

"ஆளுக்குப் பின்னால நிண்டு, அவற்ரை தலையை நேரிலயும் முகத்தைக் கண்ணாடியிலயும் பாக்கிற ஆள்" என்றாள் துஷ்யா மெதுவாக. "அன்ரி, அவர் எங்கை தலைமயிர் வெட்டுறவர்?"

சிறிதேவியின் கை வாயை மூடியது. "பின்பக்கம். தர்மலிங்கத்திட்டை. ஐயோ... குழாய் திருத்துறவன் வர இருந்த அண்டைக்கு இவர் தர்மலிங்கத்திட்டைத்தான் திறப்பைக் குடுத்தவர்."

"திறப்பு வேற ஆரிட்டையும் இல்லை எண்டாரே!"

"தர்மலிங்கத்தை அவர் வேற ஆள் எண்டு நினைக்கிறேல்லை பிள்ளை. ரெண்டு பேரும் ஒண்டா இந்த நாட்டில வந்து இறங்கினவை."

தர்மலிங்கத்தின் சலூன் பின்முற்றத்தில் இருந்தது. ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. சுவரில் விதவிதமான வெட்டு மாதிரிகளோடு ஆண்களின் தலைகள், வர்ணத்தில் தீட்டியவை. பக்கச் சீவல், குறுகல் வெட்டு, நடு வகிடு. துஷ்யா அவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாத் தலைகளுக்கும் ஒரே தாடை. மடிப்பில்லாத, அழகான, ஒற்றைத் தாடை.

"ஆர் அங்கிள் கீறினது?"

"நான்தான் பிள்ளை. போட்டோ ஒட்டினால் வெயிலுக்கு வெளிறிப் போகுது." மெலிந்த, அமைதியான மனிதர். அல்பிரட்டைப் பார்த்து, "என்ன அண்ணை, போன கிழமைதானே வெட்டினனீங்கள்?" என்றார்.

"படத்தைப் பற்றிக் கதைக்க வந்தனாங்கள்" என்றாள் துஷ்யா.

தர்மலிங்கம் கையிலிருந்த சீப்பை மேசையில் வைத்தார்.

"சந்தோசப்படுவான் எண்டு நினைச்சன்" என்றார் கடைசியில். "இந்தக் கதிரையில இருந்து ஒரு மாசமா அந்தப் படத்தைப் பற்றித்தான் கதைச்சவன். இங்கிலீசுப் பிரபு, ராசா மாதிரி விருந்து, நாய், வேலையாள் எண்டு. நானும் போய்ப் பாத்தன். மேசை நிறையச் சாப்பாடு. பெரிய மனுசன்ர படம் எண்டுதான் விளங்கிச்சுது. கீழ இருக்கிற எழுத்து எனக்கு வாசிக்க வராது. கடை திறக்கிறான், நான் என்ன பரிசு குடுக்கிறது? அவன்ர முகத்தை வைச்சு விட்டால் வாழ்நாள் முழுக்க இருக்கும் எண்டு..."

"வேலைக்காரன் நாக்கை நீட்டுறானே?" என்றார் அல்பிரட்.

"பசியில நிக்கிறான் எண்டு நினைச்சன் அண்ணை."

அல்பிரட்டுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. தர்மலிங்கத்தின் கண்களைப் பார்த்ததும் திரும்பி இறங்கிவிட்டது.

"நேற்று நான் கடையைப் பூட்டிப்போட்டு ஆசையாப் போறன். வாசலில நிக்கவே எல்லாரும் சிரிக்கிற சத்தம். இவன் கத்துறான், செய்தவன்ர கையை முறிக்கிறன் எண்டு. அப்பிடியே திரும்பி வந்திட்டன்."

"பழி கரோலினாவில விழுந்திருக்கு" என்றாள் துஷ்யா. "அவவுக்கு வர இருந்த பேர்கன் வேலையும் போகப் போகுது."

தர்மலிங்கம் நிமிர்ந்தார். "அந்தப் பிள்ளையிலயோ? எனக்குத் தெரியாதே!" அவர் சட்டைக்கு மேலே கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்க்கத் தொடங்கினார். "நான் இப்பவே போய்ச் சொல்லுறன்."

போகத் தேவையிருக்கவில்லை. கதவைக் குனிந்து திறந்துகொண்டு ஜெயரத்தினமே உள்ளே வந்தார். திறப்புவிழாவுக்கு முதல் தலைமயிர் வெட்டு. துஷ்யாவையும் அல்பிரட்டையும் ஒரு முறை முறைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "கெதியா வெட்டு மச்சான். மண்டை கொதிக்குது."

தர்மலிங்கம் வெள்ளைத் துணியைப் போர்த்தினார். அதைக் கழுத்தில் ஊக்கால் பூட்டினார். பிறகு கண்ணாடிக்குள் இருந்த நண்பனைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தப் படத்தில கை வைச்சது நான்."

கண்ணாடிக்குள் ஜெயரத்தினத்தின் கண்கள் அகன்றன. அவர் திரும்பவில்லை. அத்தனை வருடங்களாக அவர்கள் பேசியதெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள்தான். திரும்பி முகம் பார்த்துப் பேசுவது அவர்களுக்குப் பழக்கமில்லை.

வெட்டிக்கொண்டே தர்மலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். விருந்து, பரிசு, நாக்கு. ஜெயரத்தினம் கடைசி வரை கேட்டார்.

"அப்ப தாடையைக் குறைச்சது?"

"பரிசு எண்டால் கொஞ்சம் குறைக்கத்தானே வேணும்."

"அவ்வளவு நல்லது செய்ய வந்தனீ, வழுக்கையை ஏன்டா வைச்சனீ?"

தர்மலிங்கம் இழுப்பறையைத் திறந்து, அடியில் கிடந்த ஒரு வட்டக் கைக்கண்ணாடியை எடுத்தார். அதில் தூசி படிந்திருந்தது. சட்டையில் துடைத்து, ஜெயரத்தினத்தின் பின்தலைக்குப் பின்னால் பிடித்தார்.

ஜெயரத்தினம் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். மறு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"எவ்வளவு காலமாடா?"

"கன காலம்."

"நீ சொல்லேல்லை."

"நீ கேக்கேல்லை. கண்ணாடி காட்டினால் முகம் வாடிப்போவாய். அதாலை காட்டிறதை விட்டிட்டன்." தர்மலிங்கம் கைக்கண்ணாடியை இறக்கினார். "முகத்தில எவ்வளவும் பொய் கீறலாம் மச்சான். தலைமயிரில எனக்குப் பொய் வராது."

ஜெயரத்தினத்தின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று அல்பிரட் எழுந்தே விட்டார். பிறகுதான் சத்தம் வந்தது. நேற்று ஊர் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. "பசியில நாக்கை நீட்டுறானாம்!" என்று துணிக்குள்ளிருந்து கையை எடுத்து நாற்காலியில் அடித்தார். தர்மலிங்கமும் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபோது இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. அதை இரண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

ஜெயரத்தினம் போனை எடுத்து கரோலினாவை அழைத்தார். "பிள்ளை, பிழை என்ரை. நான் உம்மை எல்லாருக்கும் முன்னால பேசினது பெரிய பிழை."

"முதல்ல பேர்கனுக்குப் போன் எடுத்து அதைச் சொல்லுங்கோ" என்றது கரோலினாவின் குரல். "பிறகு என்னோட கதையுங்கோ." போன் வைக்கப்பட்டது.

ஜெயரத்தினம் அரைத் தலை வெட்டிய கோலத்தில், கழுத்தில் துணியோடு, பேர்கனுக்கு எண்ணை அழுத்தினார். தன் நோர்வேஜியத்தில் உள்ள எல்லா மரியாதைச் சொற்களையும் செலவழித்து, படம் தீட்டியவள் நேர்மையானவள், புத்தி கெட்டது தனக்குத்தான் என்று சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் திங்கட்கிழமையே அவளை அழைப்பதாகச் சொல்லும் வரை அவர் போனை விடவில்லை.

துஷ்யாவும் அல்பிரட்டும் முற்றத்துக்கு வந்தார்கள். வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. அல்பிரட் கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு நடந்தார். வழக்கு முடிந்தது, ரோல்ஸும் நன்றாக இருந்தது, உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

"அங்கிள், நீங்களும் தர்மலிங்கம் அங்கிளிட்டைத்தானே வெட்டுறனீங்கள்?"

"ஓம் பிள்ளை, எத்தினையோ வருசமா. தங்கமான மனுசன்."

"வெட்டி முடிச்ச உடன உங்களுக்கு அந்தக் கைக்கண்ணாடி காட்டுறவரோ?"

அல்பிரட்டின் நடை நின்றது. திறப்பு சுழல்வதும் நின்றது. அவருடைய இடக் கை, அவரைக் கேட்காமலே, மெதுவாகப் பின்தலைப் பக்கம் ஏறியது. பாதி வழியில் அதைப் பிடித்து இறக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போனில ஒரு படம் எடுத்துக் காட்டவோ?" என்றாள் துஷ்யா.

"காரில ஏறும் பிள்ளை" என்றார் அல்பிரட்.